ஆறு, ஏரு, யாறு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி கல்லாலோ பொன்னாலோ செய்ததல்ல. இலைகளை மடித்து நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம். தெலுங்கில் கிளிக்குச் 'சிலுக' என்று பெயர்.

கிளியும் சிலுகவும் ஒரே சொல் என்றால் நம்பத் தோன்றாது. முதலெழுத்து வேறு, முடிவும் வேறு. ஆனால் மொழியியலாளர்கள் இதில் ஐயப்படுவதில்லை. ஐயப்படாததற்குக் காரணம், அவர்கள் ஒற்றுமையைத் தேடுவதே இல்லை, விதியைத் தேடுகிறார்கள்.

இந்த விதியைப் பிடிக்கக் கன்னடம் உதவும். காது அங்கே 'கிவி', சிவப்பு 'கெம்பு'. தமிழில் செவி, செம்மை. கன்னடம் ககரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழில் அது சகரமாகிவிட்டது. இ, எ ஆகிய உயிர்களைச் சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும். அந்த உயிருக்கு முன்னால் ககரம் வந்தால், பின்நாக்கில் பிறக்கவேண்டிய அது, வரப்போகும் உயிரை எதிர்பார்த்துச் சற்று முன்னே நகர்கிறது. அங்கே பிறப்பது சகரம். இது நம் வாய்க்கு மட்டும் உரிய பழக்கமல்ல. நூறு என்ற பொருளில் லத்தீன் பேசியவர்கள் 'கென்டும்' என்றார்கள். அவர்கள் வழிவந்த இத்தாலியர்கள் 'சென்டோ' என்கிறார்கள்.

அப்படியானால் தமிழில் கிளி ஏன் 'சிளி' ஆகவில்லை? கெடு ஏன் 'செடு' ஆகவில்லை? கிணறும் கிழங்கும் ஏன் தப்பின? இந்தச் சொற்களில் இ, எ-க்கு அடுத்து வரும் மெய்களைக் கவனியுங்கள்: ள, ட, ண, ழ. எல்லாமே நாக்கை மேலே வளைத்துச் சொல்பவை. நாக்கு வளையத் தயாராகும்போது நடுவிலுள்ள உயிரும் கொஞ்சம் பின்னுக்கு இழுபடுகிறது.  உயிர் பின்னே போனதால் ககரம் முன்னே வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. தெலுங்கு இந்த விலக்கை ஏற்கவில்லை. அங்கே இந்த உயிர்களுக்கு முன் நின்ற ககரமெல்லாம் ஒரே சீராகச் சகரமாயிற்று. கெடு 'செடு' ஆனது, கிளி 'சிலுக' ஆனது.

இப்படித்தான் பழஞ்சொல் மீட்கப்படுகிறது. கிளி, சிலுக, கன்னடத்தின் 'கிளி' அல்லது 'கிணி' ஆகியவற்றை அடுக்கி, எந்த ஒரு தொடக்கத்தை வைத்தால் இவை எல்லாவற்றுக்கும் விதிப்படி வழி கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். இங்கே தொடக்கம் ககரம்தான். அந்த உருவை எவரும் எங்கும் எழுதிவைக்காததால் அதன் முன்னே ஒரு நட்சத்திரக் குறி இடுவது வழக்கம். நட்சத்திரம் என்றால் 'கண்டதல்ல, கணித்தது' என்று பொருள்.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றியது. அது கிளி அல்ல. கிளி விதியைக் காட்டும். ஆனால் ஒரு பெயர்ச்சொல்லின் பிறப்பையும், அது வேற்றுமை ஏற்று வளைந்த விதத்தையும் சேர்த்துக் காட்ட இன்னும் பெரிய சொல் வேண்டும்.

அதற்குள் ஒரு தடையைத் தாண்டவேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் இரு மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று சொற்களை அள்ளிக்கொள்ளும். விஜயநகர ஆட்சிக் காலத்தையும் அதை அடுத்த நூற்றாண்டுகளையும் ஒட்டித் தெலுங்கு பேசும் பல சமூகத்தார் தெற்கே வந்து இந்தப் பகுதியில் குடியேறினார்கள். அரசியலிலும் தொழிலிலும் அவர்கள் தமிழகத்தோடு இரண்டறக் கலந்தவர்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா என்ற காவியத்தின் கதைக்களம் ஸ்ரீவில்லிபுத்தூர். கதை ஆண்டாளுடையது. தெலுங்கின் பெருங்காவியங்களுள் ஒன்று நம்மூர் வீதிகளில் நடக்கிறது என்பது தமிழ் வாசகர்கள் பலருக்கு இன்றும் செய்திதான்.

இவ்வளவு நெருங்கிப் பழகிய இரு மொழிகளில் ஒரே மாதிரிச் சொல் இருந்தால், அது பாட்டன் சொத்தா, பக்கத்து வீட்டில் வாங்கிய கடனா?

தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816-இல் அச்சில் வாதிட்டவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்ற சென்னை அதிகாரி. காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்குறிப்பில் அந்த வாதம் இருக்கிறது. 40 ஆண்டுகள் கழித்து, 1856-இல், இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் ஊழியம் செய்த பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் அப்போது நம் இரண்டு ஊர்களும் இருந்தன. தமிழும் தெலுங்கும் காதில் விழாமல் அங்கே ஒருவர் வாழ்ந்திருக்க முடியாது. கால்டுவெல் சொற்பட்டியலோடு நிற்கவில்லை. பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் முறைக்குத் தம் நூலில் ஒரு பெரும்பகுதியையே ஒதுக்கினார். அது சரியான உள்ளுணர்வு. சொல்லைக் கடன் வாங்குவது எளிது. அந்தச் சொல் தன் சொந்த வீட்டில் எப்படி வளைந்தது என்பதையும் சேர்த்து யாரும் கடன் வாங்குவதில்லை.

ஐரோப்பாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ரஷ்யம், போலிஷ், செக், செர்பியம் முதலான ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் மூலமான மொழியும் எழுதப்படாத மொழிதான். அதில் கண்ணுக்கு *ஒகோ என்று பெயர். 'கண்ணினது' என்று சொல்லவேண்டுமானால் *ஒசெசெ. இரண்டு கண்கள் என்றால் *ஒசி. ககரம் எ, இ-க்கு முன்னால் சகரமாகியிருப்பதைப் பாருங்கள், நம் செவிக்கு நேர்ந்தது அங்கே கண்ணுக்கு நேர்ந்திருக்கிறது. அதோடு, எழுவாயில் இல்லாத ஓர் 'எஸ்' வேற்றுமையில் எங்கிருந்தோ முளைக்கிறது. முளைக்கவில்லை, அது முன்பே இருந்தது, எழுவாயில்தான் தேய்ந்துபோனது. வடமொழியில் கண் 'அக்ஷி'. மதுரை மீனாட்சியின் பெயரில் மீனோடு சேர்ந்திருப்பது அதுதான். ஒகோவும் மீனாட்சியின் 'அட்சி'யும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. அப்படி ஒரு பெயர்ச்சொல்லின் ஆழத்தைக் காட்டியது அதன் எழுவாய் அல்ல, வளைந்த உருவம்.

தமிழில் அப்படி வளையும் சொல் எது? ராஜபாளையத்துக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் முடங்கியாற்றுத் தண்ணீர் நகரத்தின் குடிநீருக்காகச் சேருமிடத்தை ஆறாவது மைல் நீர்த்தேக்கம் என்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர், ஆறாவது மைல். இரண்டிலும் ஆறு இருக்கிறது. எழுதினாலும் சொன்னாலும் எண்ணாகிய ஆறும் நீரோடும் ஆறும் தமிழில் ஒன்றே. ஆனால் வேற்றுமை உருபைச் சேர்த்த உடனே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. எண் என்றால் 'ஆறில் ஒரு பங்கு'. நீர் என்றால் 'ஆற்றில் வெள்ளம்'. இலக்கணப் புலவர்கள் ஆறாம் வேற்றுமையின் உருபை 'ஆறன் உருபு' என்பார்களே தவிர 'ஆற்று உருபு' என்று சொல்லமாட்டார்கள். ஆறு என்ற ஓசைக்குள் இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைத் தமிழின் வேற்றுமையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

தெலுங்கு இதை இன்னும் பச்சையாகச் சொல்கிறது. அங்கே எண் 'ஆரு', நீரோட்டம் 'ஏரு'. பழைய தெலுங்கில் இரண்டிலும் நம் றகரத்துக்கு இணையான எழுத்தே இருந்தது. பின்னால் அது சாதாரண ரகரத்தில் கரைந்துவிட்டது. ஒரே மாதிரித் தொடங்கியிருக்கவேண்டிய சொற்களில் ஒன்று ஆகாரத்தோடும் மற்றது ஏகாரத்தோடும் நிற்பது ஏன்?

தெலுங்கு ஆகாரத்தைப் பொதுவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பால் அங்கே 'பாலு', கால் 'காலு', நாடு 'நாடு'. ஆனால் ஆனை 'ஏனுகு'. ஆண்டு 'ஏடு'. ஆட்டுக்கடா 'ஏட்ட'. இந்த மூன்றையும் பழந்தமிழில் தேடினால் யானை, யாண்டு, யாடு. பொதுவாக இருப்பது யகரம். சொல்லின் முதலில் 'யா' இருந்த இடத்தில் தமிழ் நாளடைவில் யகரத்தை உதிர்த்துவிட்டு ஆகாரத்தை வைத்துக்கொண்டது. தெலுங்கிலோ யகரம் உதிரும் முன் பக்கத்து ஆகாரத்தைத் தன் பக்கம் இழுத்து ஏகாரமாக்கிவிட்டுப் போனது. ஆகவே தெலுங்கில் 'ஏரு' என்று இருந்தால், மூலச்சொல் 'யா' என்று தொடங்கியிருக்கவேண்டும். எண்ணாகிய 'ஆரு' அப்படித் தொடங்கியிருக்க முடியாது. அந்த எண்ணுக்குக் கோண்டி மொழியில் 'சாருங்' என்று பெயர். அதன் தொடக்கத்தில் இருந்து உதிர்ந்தது யகரமல்ல, சகரம்.

இந்தக் கணிப்பைச் சோதிக்கச் சாட்சி உண்டா? உண்டு, தாராளமாக. கலித்தொகை 1887-இலும் பத்துப்பாட்டு 1889-இலும் புறநானூறு 1894-இலும் அச்சேறின. ஓலைகளிலிருந்து வெளிவந்த அந்தத் தமிழில் நீரோடும் ஆறு 'யாறு' என்று நிற்கிறது. எண் ஒருநாளும் 'யாறு' ஆவதில்லை. பக்கத்து மொழியின் ஒரு ஏகாரத்தை வைத்து ஊகிக்கக்கூடியதை ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டு உறுதி செய்கிறது. அறிவியலில் ஒரு கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைப்பது அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராஜபாளையத்துக்காரர் ஒருவர், 'எங்கள் முடங்கியாற்றிலேயே யாறு இருக்கிறதே, சங்கத் தமிழ் எதற்கு?' என்று கேட்கலாம். கேள்வி அழகானது, ஆனால் சாட்சி செல்லாது. முடங்கி என்பது இகரத்தில் முடிகிறது. அடுத்து ஆகாரம் வந்தால் நடுவே ஒரு யகரம் தானாக நுழைந்துவிடும். பள்ளியில் படித்த உடம்படுமெய். கேரளத்தின் பெரியாற்றுக்கும் இதே சிக்கல். அந்த யகரம் பழைய யாற்றின் யகரமா, புதிதாய் நுழைந்ததா என்று உருவத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற புறநானூற்றுப் பாட்டிலும் ஒரு பெரிய ஆறு வருகிறது. அங்கே முன்னால் நிற்பது 'பேர்'. ரகர மெய்யில் முடிவது. மெய்க்குப் பின் உடம்படுமெய் நுழைய வழியில்லை. ஆகவே அங்கே வரும் யகரம் சொல்லின் சொந்த யகரம். ஒரே எழுத்து, ஓரிடத்தில் சாட்சி, மற்றோரிடத்தில் வெறும் ஓசை.

சொல்லின் முன்பாதி கிடைத்துவிட்டது. பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

'ஆற்றுக்கு' என்று எழுதுகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் அது 'ஆத்துக்கு'. தெலுங்கில் 'ஏட்டிகி'. (தெலுங்கில் அந்த டகரம் வல்லோசையோடு, ஆனால் இரட்டிக்காமல் ஒலிக்கும், தமிழ் எழுத்தில் அதைக் காட்ட 'ட்ட' என்று எழுதுவதைத் தவிர வழியில்லை.) எழுவாயில் 'ஏரு', வளைந்தால் 'ஏட்டி'. ரகரம் டகரமாவது தெலுங்குக் குழந்தைக்கு மனப்பாடம் செய்யவேண்டிய ஒழுங்கின்மை. தமிழ்ப் பேச்சில் த்த, தெலுங்கில் ட. ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்குமா?

இந்தச் சொல்லில் மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் புற்றைப் பேச்சில் 'புத்து' என்கிறோம், தெலுங்கில் அது 'புட்ட'. சுற்றைச் 'சுத்து' என்கிறோம், தெலுங்கில் 'சுட்டு'. பற்று நமக்குப் 'பத்து', அவர்களுக்குப் 'பட்டு'. மாற்றம் சீரானது. ஆனால் த்த-வில் தொடங்கினால் ட்ட கிடைக்காது, ட்ட-வில் தொடங்கினாலும் த்த கிடைக்காது. ஏனென்றால் 'பத்து' என்ற எண்ணைப் போல உண்மையான த்த உள்ள சொற்களும், 'எட்டு' போல உண்மையான ட்ட உள்ள சொற்களும் இரு மொழிகளிலும் தனியாக இருக்கின்றன. ஆகவே மூன்றாவது ஓர் ஒலி இருந்திருக்கவேண்டும்.

தகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல்லைத் தொடுகிறது. டகரத்துக்கு மேலண்ணத்தில் வளைந்து தொடுகிறது. நடுவே, பல்லுக்குச் சற்று மேலே, ஈற்று மேடு ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் 'டீ' என்று சொல்லும்போது நாக்கு தொடுவது அங்கேதான். அந்த இடத்தில் பிறக்கும் வல்லொலிதான் பழைய றகரம். இன்று நாம் அதை ரகரத்தின் அழுத்தமான அண்ணன் போல நடத்துகிறோம். தொல்காப்பியர் அப்படி நடத்தவில்லை. க, ச, ட, த, ப என்ற வல்லினத்தோடு றகரத்தையும் சேர்த்தார். ரகரத்தை இடையினத்தில் வைத்தார். நாங்கள் பள்ளியில் ஏன் என்று கேட்காமல் ஒப்பித்த கசடதபற என்ற அடுக்கு, காணாமற்போன ஓர் ஒலிக்கு எழுதிவைத்த சாட்சியம். வடக்கிலிருந்து வந்த பிராமி எழுத்தில் தமிழை எழுத முற்பட்டவர்கள் ழ, ள, ற, ன என்ற நான்குக்கும் புது வடிவங்களைச் செய்துகொண்டதும், அவை தனி ஒலிகளாகக் காதில் விழுந்ததால்தான்.

அந்த ஒலி முற்றாக அழியவும் இல்லை. மலையாளத்தில் ற்ற எழுதினால் இன்றும் ஈற்றுமேட்டில்தான் ஒலிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் 'ஒற்றை' என்று சொல்லிக் கேட்டால் தெரியும். நீலகிரியின் கோத்தர்களும் தோடர்களும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மூன்று ஒலிகளைப் பிரித்துச் சொல்வது நாக்குக்குச் சுமை. தமிழ்நாட்டுப் பேச்சுத்தமிழ் பெரும்பாலும் அந்தச் சுமையைப் பல்லின் பக்கம் இறக்கியது. தெலுங்கு அண்ணத்தின் பக்கம் இறக்கியது. (ஸ்ரீவில்லிபுத்தூரின் புத்தூர், புது ஊரா, புற்று ஊரா என்ற விவாதம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம். நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் காதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. புது ஊர் என்று கொள்வதே எனக்கு எளிதாகப் படுகிறது.)

இனி சொல்லை முழுதாக நிறுத்தலாம். எழுவாய் *யாறு, ஒற்றை வல்லொலி. வேற்றுமை ஏற்கும் அடி *யாற்று, இரட்டை வல்லொலி. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக நின்ற ஒலி தளர்ந்து தளர்ந்து தெலுங்கில் ரகரமாயிற்று. இரட்டையாக நின்றது தளரவில்லை, டகரமாக இறுகியது. 'ஏரு, ஏட்டி' என்ற தெலுங்கின் விசித்திர இணையை இப்படி ஒரே வரியில் விளக்கிவிடலாம். இதே சீர் மற்றச் சொற்களிலும் உண்டு. தமிழில் நாடு, நாட்டு. தெலுங்கில் 'நாடு', 'நாட்டி'. தமிழில் கூடு, கூட்டு, தெலுங்கில் 'கூடு', 'கூட்டி' (பறவையின் கூடுதான், முதலெழுத்தை மட்டும் அவர்கள் மெல்ல ஒலிப்பார்கள்).

இரட்டிப்பு எதற்கு? மரம் என்பது 'மரத்து' என்று வளைவதை எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியம் அந்த அத்துவைச் சாரியை என்று எண்ணும். கன்னடத்தில் 'மரத' என்றும், நீலகிரியின் கோத்த மொழியில் 'மர்த்' என்றும் அதே ஒலி எதிரொலிக்கிறது. மூல மொழியில் உருபு ஏற்குமுன் பெயரோடு ஒரு தகரம் வந்து ஒட்டியது, அது டகர, றகரத்தில் முடிந்த சொற்களோடு மோதிக் கரைந்து இரட்டிப்பாயிற்று என்று கொண்டால் மரத்துக்கும் ஆற்றுக்கும் ஒரே விளக்கம் போதும். எனக்கு இது நியாயமாகவே தோன்றுகிறது.

வளைந்த அடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. உருபே இல்லாமல் உடைமையைக் காட்டும். தமிழில் 'ஆற்று நீர்', தெலுங்கில் 'ஏட்டி நீரு'. இரண்டிலும் 'உடைய' என்று ஒன்றும் இல்லை. அடி வளைந்தால் போதும். நான்காம் வேற்றுமையும் பொதுச்சொத்து: ஆற்றுக்கு, ஏட்டிகி, அந்தக் ககரம் கன்னடத்திலும் கோண்டியிலும் இருக்கிறது. ஏழாம் வேற்றுமைக்கு வந்தால் ஒற்றுமை முடிகிறது. தமிழ் 'ஆற்றில்' என்று இடத்தையும் வீட்டையும் குறித்த 'இல்'லை ஒட்டிக்கொண்டது. அதே சொல் ராஜபாளையத்தில் 'இல்லு' என்று முழு வீடாகவே நிற்கிறது. தெலுங்கு 'ஏட்டிலோ' என்று, நம் 'உள்'ளின் உறவான 'லோ'வை ஒட்டிக்கொண்டது. பிரிந்தபின் அவரவர் கட்டிக்கொண்ட தாழ்வாரங்கள் இவை. மூல மொழியில் ஏழாம் வேற்றுமைக்கு ஒரே உருபு என்று யாராவது அடித்துச் சொன்னால் சற்றுத் தள்ளி நின்றே கேளுங்கள்.

ஓர் எதிர்வாதம் பாக்கி. தமிழில் இந்த இரட்டிப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து நேற்று வந்த 'ரோடு' கூட, யாரும் சொல்லித்தராமலே 'ரோட்டில்' ஆகிவிட்டது. அப்படி எளிதில் தொற்றும் பழக்கம் தெலுங்கையும் தொற்றியிருக்கலாமே? தெலுங்கில் 'ரோட்டு' என்று வளைத்துப் பாருங்கள், சிரிப்பார்கள். அங்கே அந்தச் சொல் 'ரோட்டி' ஆவதில்லை. உருபு அப்படியே மேலே ஏறும். டகரமாக வளையும் சொற்கள் தெலுங்கில் ஒரு சிறு, மூடிய கூட்டம். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. தொற்றிக்கொண்ட பழக்கம் என்றால் புதிய சொற்களில்தான் முதலில் தெரியும். பழைய சொற்களில் மட்டும் இருந்து புதியவற்றில் இல்லாதது, புதைபடிவம். பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெயே இதைத்தான் வலியுறுத்தினார்: ஒழுங்கான பொதுக்கூறுகளைவிட, இரண்டு மொழிகள் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கின்மையே உறவுக்கு வலுவான சான்று. ஏரு, ஏட்டி என்ற இணையைத் தமிழிடமிருந்து தெலுங்கு வாங்கியிருக்க முடியாது. இருவரும் ஒரே வீட்டில் பெற்றது அது.

அந்த வீடு எவ்வளவு பழையது? விஷ்ணுப்பிரியா கொலிபாகமும் உடன் ஆய்வாளர்களும் 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கணினியில் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, குடும்பத்தின் வயதைச் சுமார் 4,500 ஆண்டுகள் என்கிறது. அது மதிப்பீடு; பிழை எல்லைகள் அகலமானவை. தமிழும் தெலுங்கும் பிரிந்தது அதற்குப் பிந்தியது. தெலுங்குக்கு நெருங்கிய உறவினர்கள் தமிழும் கன்னடமுமல்ல. கோண்டி, கொண்டா, கூயி முதலிய நடுவிந்திய மலைமொழிகள். அந்த மொழிகளில் நம் சொல்லுக்கு ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. கோண்டியில் 'ஏர்' என்றால் ஆறல்ல, தண்ணீர். கொண்டா மொழியிலும் அப்படியே. ஓடுகிற ஆற்றின் சொல்லே அங்கே குடிக்கிற தண்ணீரைக் குறிக்கிறது. மலையடிவாரத்தில் ஓடையிலிருந்து நேராக மொண்டு குடித்த மக்களுக்கு அந்த இரண்டையும் பிரிக்கவேண்டிய தேவை இருந்திருக்காது என்று ஊகிக்கலாம். மூலத்தில் எது முதற்பொருள் என்பதில் நான் ஆற்றின் பக்கம். தண்ணீருக்கு 'நீர்' என்று தனிச்சொல் அந்தக் குடும்பத்தில் முன்பே இருந்தது.

*யாறு என்று முதலில் சொன்னவர்கள் எந்த ஆற்றைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. சிந்துவைச் சொல்பவர்களும் கோதாவரியைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சொல்லின் உருவம் அதைச் சொல்லாது. ஒலியையும் வளைவையும் மீட்கலாம். அந்த ஆற்றின் கரையை மீட்க முடியாது. 1868-இல் ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மானியர் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஒரு குட்டிக்கதையே எழுதிப் பார்த்தார். அதன்பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் புதிய கண்டுபிடிப்புகளுக்கேற்ப அதைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரக் குறி போட்ட ஒற்றைச் சொல் நெடுநாள் நிற்கும். நட்சத்திரக் குறி போட்ட கதை நிற்பதில்லை.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இலும், திருத்திய பதிப்பு 1984-இலும் வந்தன. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் திராவிட மொழிகள் பற்றிய பெருநூல் 2003-இல் வந்தது. இவற்றில் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆதாரமாக நிற்பவை பெரும்பாலும் எழுத்துமொழியும் அகராதிகளும். தமிழ்நாட்டுக்குள் நூற்றாண்டுகளாக, தெலுங்கு எழுத்தே படிக்காமல், வாய்வழியாக மட்டும் கைமாறிவந்த தெலுங்கு ராஜபாளையத்திலும் விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் ஊர்களிலும் இன்னும் பேசப்படுகிறது. பேசும் பெரியவர் ஒருவர் உங்களுக்கு வாய்த்தால், ஆற்றுக்கு உங்கள் பேச்சில் என்ன பெயர் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆற்றில் குளித்தேன், நாட்டுக்குப் போனேன், கூட்டில் முட்டை இருக்கிறது என்பவற்றை எப்படிச் சொல்வார் என்று கேளுங்கள். கேட்டதைக் கேட்டபடியே, பெயரோடு உருபையும் சேர்த்து எழுதி வையுங்கள்.